பதினோரு நிமிஷ வேலை

"காதுல இருக்கறதைக் கழட்டிடட்டுமா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

அப்பாவின் தலையை இடது கையில் தாங்கிக்கொண்டு வலது கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார் அவர். இறுதி ஊர்வல வண்டியோடு வருகிற ஆள். குளிப்பாட்டி உடுத்திவிடுவதும் அவர் பொறுப்புதான். வேலை தெரிந்த கை. அப்பாவுக்கு வலிக்குமோ என்பது போலத்தான் தொட்டார். ஆனாலும் காது மிஷினைத் தொடாமல் விட்டு, கேட்டுக்கொண்டு நின்றார். பல வீடுகளைப் பார்த்த மனுஷர், எதைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று தெரிந்து வைத்திருந்தார்.

"எங்கிட்ட குடுங்க" என்று அண்ணன் கையை நீட்டினான். "அதை நான் வச்சுக்கறேன். கடைசியா நான் பேசினது அது வழியாத்தான் அவருக்குள்ள போச்சு."

அதற்குள் பாப்பா குறுக்கே வந்து இரண்டு மிஷினையும் வாங்கிக்கொண்டாள்.

"அழுக்கா இருக்கு அண்ணா. துடைச்சுத் தரேன்."

வீட்டில் அவள் பேர் பாப்பா. வயது நாற்பத்தொன்று. ஒரு பெரிய அலுவலகத்தின் சர்வர்கள் எல்லாம் அவள் பொறுப்பு. இருநூறு கம்ப்யூட்டர்கள் அவள் சொன்ன பேச்சைக் கேட்கும். அப்படிப்பட்டவள் அப்பாவின் இரண்டு மிஷினையும் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, திருடியவள் மாதிரி கூடத்தைக் கடந்து போனாள். துடைப்பதற்காக ஒன்றும் வாங்கவில்லை. அவை செத்துப்போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. அது அவளுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, வேறு யாருக்கும் தெரியாது. அண்ணன் அதை வாங்கி உள்ளங்கையில் பொத்திப் பார்த்தால் போதும். உயிருள்ள மிஷின் பொத்தினால் கீச்சென்று கத்தும். இது கத்தாது. அப்போது அவன் செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்பான்.

நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அதற்குள் அந்த மிஷினைக் கத்த வைத்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். அண்ணன் ஆறு வருடத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தான். அப்பாவுக்கு நெஞ்சு பலவீனம் முற்றிப்போய், டாக்டர் "பாக்க வேண்டியவங்க பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டிருந்தார். செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"காது எப்படி இருக்கு இப்போ? பேசினா கேக்குமா?"

ஒரே ஒரு நொடி. "கேக்காது, எழுதிக் காட்டு" என்று சொல்லியிருக்கலாம். மூணே வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று பாப்பாவுக்குத் தெரியும். ஊரான் வீட்டுக் கம்ப்யூட்டரை எல்லாம் பார்க்கிறாயே, அப்பா காதைப் பார்க்க நேரமில்லையா என்பான்.

"கேக்கும். மிஷின் போட்டிருக்காரு" என்றாள். பொய்யோடு நிற்காமல் அதற்கு ஒரு ஒட்டு வேலையும் செய்தாள். "வலது பக்கம் உக்காந்து பேசு. அதுல இன்னும் நல்லாக் கேக்கும்."

அண்ணன் வலது பக்கம் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பேசினான். கதவு பாதி சாத்தியிருந்தது. சமையலறையில் நின்றபடி பாப்பா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழவில்லை. "அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா" என்பது விழுந்தது. மூக்கை உறிஞ்சுவது விழுந்தது. வெளியே வந்தவன் முகத்தைக் கழுவிக்கொண்டு, அவள் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் பாப்பா. ஒண்ணு விடாம. தலையாட்டினாரு. கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

"நல்லதாப் போச்சு அண்ணா" என்றாள் பாப்பா. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வந்தது, அதுதான் ஆச்சரியம்.

ஆறு வருடத்துக்கு முன் அண்ணன் புது வீட்டுக்குப் போனபோது அவனுடைய மேலதிகாரியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். அப்பா அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் பெரிய மிஷின் ஓட்டியவர். காது அங்கேயே போய்விட்டது. காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. பந்தியின் நடுவில் "சாருக்கு எத்தனை பசங்க?" என்று அவர் கேட்டது தெருமுனை வரை கேட்டிருக்கும். அண்ணன் குனிந்து, "அப்பா, மெதுவா. மானம் போகுது" என்றான். அன்றைக்கு மிஷின் வெகு நன்றாக வேலை செய்தது. அப்பா இரண்டு காதிலிருந்தும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சச் சாப்பாட்டைப் பேசாமல் சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவே இல்லை. அண்ணனும் வரவில்லை. காது கேட்காத மனுஷரிடம் போனில் மன்னிப்புக் கேட்கவும் முடியாது.

பாப்பா தன் அறைக் கதவைத் தாழிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மணி ஒன்று நாற்பத்தொன்று.

அப்பாவின் மிஷின் பழைய மாடல். வாங்கிய கடையையே மூடி நாலு வருஷம் ஆகிவிட்டது. கடைக்காரர் போகும்போது, காதுக்குத் தக்கபடி அளவு வைக்கிற மென்பொருளையும், மிஷினைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற கேபிள் டப்பாவையும் பாப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். "நீங்கதான் இதுல கில்லாடியாச்சேம்மா" என்றார். அந்த மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். பாப்பா வைத்திருப்பதோ லினக்ஸ். அதனால் லினக்ஸுக்குள்ளேயே விர்ச்சுவல் மிஷின் ஒன்றை, அதாவது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு பொய்க் கம்ப்யூட்டரைக் கட்டி, அதில் பழைய விண்டோஸைக் குடிவைத்திருந்தாள். அப்பாவின் காதுக்காக மட்டும் இருந்த கம்ப்யூட்டர் அது. நாலு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் அப்பா வந்து நின்றார். "கீச்சு கீச்சுங்குது பாப்பா. காதுக்குள்ள குருவி உக்காந்திருக்கு" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி. அவளும் சிரித்துக்கொண்டு மிஷினை வாங்கி, கேபிளில் மாட்டி, அளவைக் குறைத்து, 'எழுது' என்ற பொத்தானை அழுத்தினாள். அந்த மென்பொருளின் சுபாவம், பழைய அளவை முழுக்க அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதும். அழித்தது. எழுதப் போகிற நேரத்தில் அப்படியே உறைந்து நின்றது. லினக்ஸுக்கான புதுப்பிப்பு வேறு காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தது. ஆயிரம் பேருக்குச் சொன்ன வைத்தியத்தையே பாப்பா தனக்கும் செய்துகொண்டாள், கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போடுவது. ரீபூட் செய்தாள்.

கம்ப்யூட்டர் எழுந்தது. உள்ளே இருந்த பொய்க் கம்ப்யூட்டர் எழவில்லை. 'சாதனக் கோப்பு காணப்படவில்லை' என்று சிவப்பில் ஒரு வரி. அது என்ன என்று அவளுக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரியும். புதுப்பிப்பில் லினக்ஸின் அடிப்படையான கெர்னல் மாறிவிட்டது. உள் கம்ப்யூட்டரைத் தாங்கி நிற்கிற டிரைவர் என்ற சின்ன மென்பொருள் பழைய கெர்னலுக்காகக் கட்டியது. புதியதற்கு ஏற்றபடி திரும்பக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அவள் மணியைப் பார்த்தாள், அலுவலகத்திலிருந்து போன் வந்தது, எழுந்துவிட்டாள். "நாளைக்குச் சரி பண்ணித் தரேன்பா" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அப்பா ஊமை மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, இரண்டு முறை தலையாட்டிவிட்டுப் போனார்.

அலுவலகத்தில் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. 'ரீபூட் செய்தவர், எல்லாம் எழுந்துவிட்டதா என்று பார்க்காமல் நாற்காலியை விட்டு எழக் கூடாது.' அவளே எழுதி, அவளே பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியது. அதே வாரம் அதே புதுப்பிப்பால் அலுவலகத்திலும் அதே கோளாறு வந்தது. இருநூறு கம்ப்யூட்டரிலும் உள் கம்ப்யூட்டர்கள் எழவில்லை. இரண்டே நாளில் அத்தனையையும் எழுப்பினாள். மேலாளர் எல்லோருக்கும் நடுவில் எழுந்து நின்று கை தட்டினார். பாப்பா வெட்கப்பட்டுச் சிரித்தாள். வீட்டில் இருந்தது இருநூற்றொன்றாவது. அதைச் சரி செய்தால் யார் கை தட்டப்போகிறார்கள். நேரமில்லை என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். நேரம் இருந்தது. உண்மை அதுதான்.

நாளை நாளை என்று இருபத்திரண்டு நாள் போய்விட்டது. அப்பாவோடு பேசுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டாள். 'சாப்பாடு ரெடி.' 'மாத்திரை போட்டாச்சா?' 'குளிக்கத் தண்ணி வச்சிருக்கேன்.' கடைசியாக, 'அண்ணன் செவ்வாய்க்கிழமை வர்றான்.' அதைப் படித்துவிட்டு அப்பா வெகு நேரம் நோட்டிலேயே கண் வைத்திருந்தார். பிறகு தன்னால் முடிந்த அளவு மெதுவாக, அந்த இருபத்திரண்டு நாளில் ஒரே ஒரு தடவை, கேட்டார்.

"மிஷினை அதுக்குள்ள சரி பண்ணிடுவியா பாப்பா?"

பாப்பா தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் செய்த ஒரே காரியம், அண்ணன் கண்ணில் படக் கூடாது என்று அந்த நோட்டை எடுத்துத் தன் அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்ததுதான். அவள் ஒளிப்பதை அப்பா கட்டிலில் இருந்தபடி, திறந்த கதவு வழியாகப் பார்த்தார்.

இப்போது விரல்கள் தானாக ஓடின. டிரைவரைக் கட்டச் சொன்னாள். புதிய கெர்னலுக்கான துணைக் கோப்புகள் இல்லை என்றது. இறக்கினாள். திரும்பக் கட்டச் சொன்னாள். கட்டியது. ஏற்றச் சொன்னாள். கையொப்பம் இல்லாத டிரைவரை ஏற்க மாட்டேன் என்று கம்ப்யூட்டர் அடம் பிடித்தது. டிஜிட்டல் சாவி ஒன்றைத் தயாரித்து டிரைவரில் கையொப்பமிட்டாள். அந்தச் சாவியை ஏற்றுக்கொள்ள இன்னொரு ரீபூட் வேண்டும் என்றது.

கதவு தட்டப்பட்டது.

"பாப்பா, ஒரு வாய் தண்ணியாவது குடிம்மா." கீழ்வீட்டு அக்கா.

"வரேன்க்கா. கொஞ்ச நேரம்."

"பாவம், தனியா உக்காந்து அழறா. அழட்டும் விடுங்க" என்று அக்கா கூடத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. பாப்பாவுக்கு உடம்பு கூசியது. ஆனால் கை நிற்கவில்லை. ரீபூட் செய்தாள். நீலத் திரை வந்து கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள். எழுந்தது. டிரைவர் ஏறியது. உள் கம்ப்யூட்டரின் ஜன்னல் திறந்து, பழைய விண்டோஸ் தன் பழைய சங்கீதத்தை வாசித்தது. பதறிப்போய் ஒலியை அணைத்தாள். கேபிள் டப்பாவைச் சொருகினாள். உள்ளே தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று யோசித்தாள். விர்ச்சுவல் மிஷின் மென்பொருளும் புதுப்பிப்பில் மாறியிருக்கிறது, யூஎஸ்பிக்கான துணைத் தொகுப்பு மட்டும் பழசாகவே கிடக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். தேடி இறக்கினாள், நிறுவினாள், சொருகினாள். பட்டியலில் டப்பாவின் பெயர் மினுக்கென்று வந்தது.

அப்பாவின் காதுச் சோதனைத் தாள் உறையிலேயே இருந்தது. பார்த்து அளவுகளை இட்டு, எழுதினாள். வலது, முடிந்தது. இடது, முடிந்தது. கேபிளைப் பிடுங்கி, பேட்டரிக் கதவை மூடி, வலது மிஷினை உள்ளங்கையில் பொத்தினாள்.

கீச்சென்று கத்தியது.

"வந்துடுச்சு" என்று வாய்விட்டுச் சொல்லி மேஜையைத் தட்டினாள் பாப்பா.

அப்புறம்தான் கூடத்தில் யாரோ விசும்புவது காதில் விழுந்தது. அப்பா செத்துப்போயிருக்கிறார் என்பது திரும்ப நினைவுக்கு வந்தது. இவ்வளவு நேரம் அவள் அதை மறந்தே போயிருந்தாள். மறந்தது மட்டுமா, சந்தோஷமாக வேறு இருந்திருக்கிறாள். திரையின் மூலையில் மணி ஒன்று ஐம்பத்திரண்டு. தான் கணக்குப் போடுவதை அவளால் தடுக்க முடியவில்லை. பதினோரு நிமிஷம்.

நாற்காலியிலேயே சற்று நேரம் கிடந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கையில் அந்த மிஷின் விட்டு விட்டுக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

கூடத்தில் அப்பாவை உடுத்திப் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் அச்சகத்தின் பழைய போர்மேன் உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டியவர், அப்பாவை விடச் செவிடு.

"எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?" என்று அவர் போட்ட சத்தத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உறவுக்காரர் ஒருவர் வாயில் விரல் வைத்து அடக்கினார்.

"பேசட்டும் விடுங்க" என்றான் அண்ணன். போர்மேன் அருகில் உட்கார்ந்து நாலு விரலைக் காட்டினான்.

போர்மேன் இரண்டு முறை தலையாட்டினார். கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, மெதுவாக இரண்டு முறை. அப்பாவின் தலையாட்டல் அப்படியே. பிறகு அண்ணனின் தொடையைத் தட்டி, "புரியலைன்னாலும் நான் இப்படித்தான் ஆட்டுவேன் தம்பி" என்று ஒப்புக்கொண்டார். "மிஷின் ஓடறப்போ எவன் வந்து என்ன சொன்னாலும் ரெண்டு ஆட்டு ஆட்டிடுவோம். அவன் திருப்தியாப் போயிடுவான். உங்கப்பன்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தான்."

சிலர் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். பாப்பா மட்டும் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. மிஷின் இரண்டும் அவள் கைக்குள் சூடாக இருந்தன. கொடுத்துவிட்டால் முடிந்தது. அண்ணன் அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, தன் பேச்சு போய்ச் சேர்ந்தது என்ற நிம்மதியோடு ஊர் திரும்புவான். அவனைத் தேடினாள். அப்பாவின் அறையில், அப்பாவின் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தான். எதிரே சுவரில் மாதக் காலண்டர்.

"இங்க பாரு பாப்பா" என்றான், காலண்டரைக் காட்டி. "இன்னும் இந்தப் பழக்கத்தை விடலை அவரு."

காது மிஷினின் பேட்டரியின் மேல் சின்ன ஆரஞ்சு நிற ஒட்டுத்தாள் இருக்கும். அதைப் பிய்த்தால்தான் பேட்டரி வேலை செய்யத் தொடங்கும். அப்பா பேட்டரி மாற்றுகிற நாளில் எல்லாம் அந்த ஒட்டுத்தாளைக் காலண்டரில் அன்றைய தேதியின் மேல் ஒட்டிவிடுவார். காதுக்கு ஒன்றாக இரண்டு. இல்லாவிட்டால் எப்போது மாற்றினோம் என்பது மறந்துபோகும் என்பார்.

"செவ்வாய்க்கிழமையைப் பாரு" என்றான் அண்ணன். குரல் உடைந்தது. "நான் வர்ற அன்னிக்குக் காலைல புது பேட்டரி போட்டிருக்காரு. பழசு நடுவுல நின்னுடக் கூடாதுன்னு. நான் பேசறது ஒரு வார்த்தை விடாமக் கேக்கணும்னு."

பாப்பா பார்த்தாள். செவ்வாய்க்கிழமையின் மேல் இரண்டு ஆரஞ்சுப் பொட்டு. அதற்கு எட்டு நாள் முன்னால் இரண்டு. அதற்கும் ஒன்பது நாள் முன்னால் இரண்டு. மூன்று தடவையும் அவள் ரீபூட் செய்த பிறகு. ஒரு சத்தமும் வராத மிஷினுக்கு, தேதி தவறாமல் பேட்டரி மாற்றியிருக்கிறார். பேட்டரி போட்டால் பச்சை விளக்கு எரியும். பார்க்க வருகிறவர்களுக்கு அந்த விளக்கு தெரியும். மகளை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

அவள் நோட்டை ஒளித்ததைப் பார்த்த அப்பா, தன் பங்குக்குச் செய்தது இது.

"அண்ணா" என்றாள் பாப்பா. "செவ்வாக்கிழமை அது வேலை செய்யல."

"எது?"

"மிஷின். மூணு வாரமா வேலை செய்யல. நான்தான் கெடுத்தேன். அளவு மாத்தறேன்னு அழிச்சுட்டு, அப்புறம் சரி பண்ணித் தரவே இல்ல. அவருக்கு ஒண்ணுமே கேக்கலை."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"கேக்கும்னு சொன்னியே."

"சொன்னேன்."

"வலது பக்கம் உக்காருன்னு சொன்னியே."

"சொன்னேன் அண்ணா."

"தலையாட்டினாரே" என்று ஆரம்பித்தவன், கூடத்தில் இருந்த போர்மேனின் பக்கம் திரும்பி, அப்படியே நிறுத்திக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது. கண்ணைச் சுருக்கி இரண்டு முறை. அதை அவன் மனதுக்குள் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

பாப்பா போய் அலமாரியில் துணிக்கு அடியிலிருந்த நோட்டைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை. அவன் பக்கம் பக்கமாகப் புரட்டினான். சாப்பாடு ரெடி. மாத்திரை போட்டாச்சா. அண்ணன் செவ்வாய்க்கிழமை வர்றான். அதற்குப் பிறகு நோட்டில் ஒன்றும் இல்லை. எவ்வளவோ பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

"இதைக் குடுத்திருந்தா நான் எழுதியிருப்பேனே" என்றான்.

அவன் கண் அவள் கையில் இருந்த மிஷினுக்குப் போனது.

"இப்ப வேலை செய்யுதா?"

"செய்யுது. இப்பத்தான் சரி பண்ணேன்."

"இப்பவா? அப்பா கூடத்துல கிடக்கறப்பவா?"

"நீ மிஷினைக் கேட்டியே. உனக்குத் தெரியக் கூடாதுன்னு."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

இரண்டு மணி நேரம் என்று சொல்லலாம். கஷ்டமான வேலை, பெரிய கோளாறு என்று சொல்லலாம். அவன் நம்புவான். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவள் எது சொன்னாலும் அந்த வீட்டில் நம்புவார்கள்.

"பதினோரு நிமிஷம்" என்றாள்.

அண்ணன் நோட்டை மூடினான். கூடத்தில் போர்மேன் யாரையோ மறுபடி மணி கேட்டார். இந்தத் தடவை யாரும் அடக்கவில்லை.

"சொல்லாம இருந்திருக்கலாம்ல பாப்பா" என்றான் கடைசியில். "நான்பாட்டுக்குப் போயிருப்பேன்."

அது திட்டு இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. சொன்னதும் தப்பாகிவிட்டதே என்று பாப்பாவுக்கு அழுகை வந்தது. அன்று காலையிலிருந்து முதல் தடவையாக வந்தது. அண்ணன் அவளைத் தேற்ற வரவில்லை. ஆனால் எழுந்து வெளியே போகவும் இல்லை. அவள் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் வரை நாற்காலியிலேயே இருந்தான்.

வாசலில் வண்டிக்காரர் வண்டியோடு திரும்பி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மணி மூன்று முப்பத்தைந்து.

"போட்டு விடு" என்றான் அண்ணன்.

"என்ன?"

"அவருக்குக் காதுல போட்டு விடு. எனக்கு அதைப் போடத் தெரியாது."

கூடத்தில் இருந்தவர்களை அவனே போய், கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னான். எல்லோரும் எழுந்தார்கள். போர்மேனுக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. கீழ்வீட்டு அக்கா அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

பாப்பா அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டாள். வண்டிக்காரர் வெகு சுத்தமாகத் துடைத்து, தலை வாரி விட்டிருந்தார். காது மடல் சில்லென்று இருந்தது. இடது மிஷினை முதலில் வைத்தாள். பிறகு வலது. காதுக்குள் சரியாக உட்காரும் வரை அது கீச்சு கீச்சென்று கத்தியது. லேசாகத் திருகி அழுத்தினாள். சத்தம் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. அப்பாவுக்கு இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது, குருவி போயிடுச்சுப்பா என்று. வாய் வரை வந்தும் சொல்லவில்லை. முதலில் பேச வேண்டியது அவள் இல்லை.

அண்ணன் வலது பக்கம் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் எழுந்து வெளியே போய்க் கதவருகே நின்றாள்.

கதவின் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. அண்ணன் குனிந்து அப்பாவின் காதருகே பேசிக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. நிறுத்தினான், நெற்றியைத் தேய்த்தான், திரும்ப ஆரம்பித்தான். ஒரு இடத்தில் சிரித்த மாதிரி இருந்தது. பாப்பாவுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நாலு மணி ஆயிற்று. வண்டிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார், உள்ளே பார்த்துவிட்டு அவரும் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார்.

யாரோ தோளைத் தொட்டார்கள். கீழ்வீட்டு அக்கா. கையில் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று பாப்பாவின் காதில் விழவில்லை. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, இரண்டு முறை தலையாட்டினாள்.